நந்தவனத்து நிலப்பூக்கள்

காவிரிப் படுகையில் ஏர் படாத நிலம் அரிது. வரப்புவரை நெல் விளையும் இந்நாட்டில், பல தலைமுறைகளாக உழப்படாமல் எஞ்சிய இடங்கள் சிலவே. கோயிலின் வெளிச்சுற்று, திருக்குளக்கரை, ஐயனார் கோயிலைச் சூழ்ந்த தோப்பு, தேவாலயத்தை அடுத்த கல்லறைத் தோட்டம், தர்காவின் முற்றம் ஆகியவை அவை. வயலில் இடமிழந்த பூஞ்செடிகளும், அவற்றை நம்பிய வண்டினங்களும் இங்குத்தான் ஒதுங்கி வாழ்கின்றன.

இங்கிலாந்திலும் ஏறத்தாழ இதே நிலைதான். 1930களுக்குப் பின் அந்நாட்டுக் காட்டுப்பூப் புல்வெளிகளில் 97 விழுக்காடு அழிந்தது. எஞ்சியவற்றுள் ஒரு பகுதி பழைய தேவாலய வளாகங்களில் உள்ளது. அங்குத் தொண்டாற்றும் தன்னார்வலர்கள், புல்லை அடிக்கடி மழிப்பதைக் கைவிட்டு, பூத்து விதை உதிர்ந்தபின் கோடையின் இறுதியில் அறுக்கின்றனர். அறுத்த புல்லையும் அங்கே மட்கவிடாமல் வாரி அகற்றுகின்றனர். மண்ணில் உரம் மிகுந்தால் முரட்டுப் புல் ஓங்கிப் பூஞ்செடிகளை அமுக்கிவிடும். எருவிட்டே பழகிய உழவர் நாட்டாருக்கு இது விந்தையாகத் தோன்றலாம்.

காட்டுச்செடியைப் போற்றுவது நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பகுதியின் ஐந்து தலங்களைப் பஞ்சாரண்யம் என்பர். திருக்கருகாவூர் முல்லைவனம், அவளிவணல்லூர் பாதிரிவனம், அரித்துவாரமங்கலம் வன்னிவனம், ஆலங்குடி பூளைவனம், திருக்கொள்ளம்புதூர் வில்வவனம். ஆலங்குடியின் தேவாரப் பெயரே திருஇரும்பூளை. ஒரு செடியே ஓர் ஊருக்குப் பெயர் தந்திருக்கிறது!

திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலரையும் கொய்து மாலை தொடுத்தார் என்கிறது பெரியபுராணம். அதே ஊரில் திருநாவுக்கரசர் உழவாரப்படையால் புல் செதுக்கினார். இன்றும் விடுமுறை நாள்களில் உழவாரக் குழுவினரும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவரும் கோயில்களைத் தூய்மை செய்கின்றனர். அவர்கள் முதலில் பறிப்பது பெரும்பாலும் நிலப்பூக்களையே. தும்பையும் எருக்கும் ஊமத்தையும் சிவனுக்கு உகந்தவை என்று சூட்டும் நாம், சுற்றுமதிலருகே அவை முளைத்தால் களை என்கிறோம்.

எருக்கிலையில் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறது. அதன் புழு, இலையின் நச்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதை விலக்குகின்றன. தும்பைப்பூ தேனீக்கு உணவு. ஆனால் அழகுக்காக நடப்படும் அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் பல இதழ்களாக மாறிவிட்டதால் தேனீக்கு அங்குக் கிடைப்பது குறைவு. குரோட்டன்ஸ் வரிசையை நட்டு அதை நந்தவனம் என்பது பொருந்தாது.

இதில் நெல்லுக்கும் பங்குண்டு. குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப்புழு ஆகியவற்றின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அழிக்கும் டிரைக்கோகிரம்மா குளவி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுயிர். வளர்ந்த குளவி தேனுண்டால் நெடிது வாழும். தாய்லாந்து, சீனா, வியட்நாம் நெல்வயல்களின் வரப்பில் பூஞ்செடி வளர்த்த ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. அவ்வயல்களில் பூச்சிக்கொல்லித் தெளிப்பு 70 விழுக்காடு குறைந்தது. விளைச்சல் 5 விழுக்காடு உயர்ந்தது. இக்குளவி நெடுந்தொலைவு பறப்பதில்லை. எனவே கோயில் நந்தவனத்தின் பயன் அதை ஒட்டிய வயல்களுக்கே மிகுதி.

எல்லாச் செடியையும் விட்டுவைக்கலாமா? கூடாது. கோபுர இடுக்கில் பறவை எச்சத்தால் முளைக்கும் அரசும் ஆலும் வேர்விட்டுக் கல்லைப் பிளக்கும். அவற்றைக் கன்றிலேயே களைவது இன்றியமையாதது. புதரில் பாம்பு தங்கும் என்னும் அடியவரின் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. நடைபாதையின் இருபுறமும் புல்லைக் குறுக வெட்டி, மதிலோரத்தை மட்டும் பூஞ்செடிக்கு ஒதுக்குவது இதற்குத் தக்க வழி. ஐப்பசி மழையில் முளைக்கும் ஓராண்டுச் செடிகள் பலவும் பூத்து விதை முற்ற மாசி ஆகும். உழவாரம் அங்குப் பங்குனியில் புகட்டும்.