வேலை தேடும்போது யாரிடம் சொல்வது?

வேலை மாற நினைக்கிறீர்கள், அல்லது இருந்த வேலை போய்விட்டது. யாரிடம் சொல்வீர்கள்? வீட்டில் சொல்வீர்கள், மச்சானிடம் சொல்வீர்கள், தினமும் பேசிக்கொள்ளும் இரண்டு மூன்று நண்பர்களிடம் சொல்வீர்கள். அவர்களும் "ஏதாவது இருந்தா உடனே சொல்றேன்" என்பார்கள். மாதம் ஒன்றாகியும் ஒன்றும் வராது.

அவர்களுக்கு அக்கறை இல்லை என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். அக்கறை நிறையவே இருக்கிறது. இல்லாதது தகவல்தான்.

ஏன் இல்லை? உங்கள் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்தவர்கள். நீங்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில்தான் அவரும் இருக்கிறார். அவர் காதுக்கு வரும் செய்தி உங்கள் காதுக்கும் ஏற்கெனவே வந்திருக்கும். எப்போதாவது பார்த்துக்கொள்ளும் ஒருவர் வேறு ஆட்களோடு, வேறு கம்பெனியில், வேறு பேச்சுக்கு நடுவே இருக்கிறார். உங்களுக்கு எட்டாத செய்தி அங்கேதான் கிடைக்கும்.

இது வெறும் யூகமா? இல்லை. மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரையில் இதைச் சொன்னார். பாஸ்டனுக்கு அருகிலுள்ள நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறியவர்களை அவர் தேடிப்போய்ப் பேசினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், "அந்த நபரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்ப்போம் என்றவர்கள் ஆறில் ஒருவர்தான். பாதிக்கு மேற்பட்டோர் எப்போதாவது பார்ப்பதாகச் சொன்னார்கள். மீதிப் பேர், அதாவது கால்வாசிக்குச் சற்று அதிகமானோர், வருடத்துக்கு ஒருமுறை பார்த்தாலே அதிகம் என்றார்கள். பழைய முதலாளி, முன்பு கூட வேலை பார்த்தவர் என்று, மறந்தே போயிருந்த ஆட்களிடமிருந்து செய்தி வந்திருந்தது. இப்படிப்பட்ட அறிமுகங்களைத்தான் அவர் பலவீனமான பிணைப்புகள் (எப்போதாவது பேசும் பழக்கம்) என்று அழைத்தார்.

அந்தக் கணக்கு வெறும் 54 பேரை வைத்துப் போட்டது, அதை நம்பலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022-ல் ஹார்வர்ட், எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் லிங்க்ட்இன் நிறுவனத்தோடு சேர்ந்து, 2 கோடிப் பேரின் ஐந்து ஆண்டுத் தரவுகளை வைத்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று அந்தத் தளம் காட்டும் ஆட்களைச் சிலருக்கு ஒரு விதமாகவும் சிலருக்கு வேறு விதமாகவும் மாற்றிக் காட்டி, யாருக்கு வேலை மாறுகிறது என்று பார்த்த சோதனை அது. (பரிசோதிக்கப்பட்டவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை என்பது பிழைப்பு சம்பந்தப்பட்டது. கேட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.) பலவீனமான பிணைப்புகள் வேலை மாற உதவுகின்றன என்பது அதில் உறுதியானது. கூடவே ஒரு திருத்தமும் வந்தது. உறவு எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவு நல்லது என்று சொல்ல முடியாது. அதிகம் உதவியவை நடுத்தரமானவை. இருவருக்கும் பொதுவான ஆட்கள் ஓரளவு இருந்தும், ஒரே வட்டமாக ஆகிவிடாத பழக்கங்கள்.

ஆகவே முகமே தெரியாத ஆயிரம் பேருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். உங்களை நினைவில் வைத்திருப்பவர்களில், தினசரி வாழ்க்கையில் இல்லாதவர்களைத் தேடுங்கள்.

அவர்கள் யார்? ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய கம்பெனியில் உங்களுக்கு முன்பே வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்களை முதலில் எழுதுங்கள். எல்லோரும் மறந்துவிடுகிற, ஆனால் மிகவும் பயன்படுகிற பெயர்கள் இவை. உங்கள் வேலையை நேரில் பார்த்தவர்கள். இப்போது வேறு இடத்தில் இருப்பவர்கள். அடுத்து, வேலை விஷயமாக வெளியிலிருந்து வந்துபோனவர்கள்: ஆடிட்டர் அலுவலகத்துப் பையன், சப்ளையர் பக்கத்து சேல்ஸ் ஆள், சர்வீஸ் இன்ஜினியர். பிறகு கல்லூரி சீனியர்கள், பயிற்சி கொடுத்த ஆசிரியர், முன்பு குடியிருந்த தெருக்காரர். போனில் உள்ள பெயர்களை ஒருமுறை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாலே பத்துப் பதினைந்து பேர் தேறுவார்கள்.

மூன்று நான்கு வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது போய் நிற்பதா? இந்தக் கூச்சம் எல்லோருக்கும் உண்டு. டேனியல் லெவின், ஹோர்ஹே வால்டர், கீத் மர்னிகன் என்ற மூன்று பேராசிரியர்கள், வேலை பார்த்தபடியே எம்.பி.ஏ. படித்த மேலாளர்களிடம் ஒரு வேலை கொடுத்தார்கள்: குறைந்தது மூன்று வருடமாகத் தொடர்பே இல்லாதவர்களைக் கூப்பிட்டு, இப்போது கையில் இருக்கும் வேலையைப் பற்றி ஆலோசனை கேளுங்கள். பலர் தயங்கினார்கள். ஆனால் 2011-ல் வெளிவந்த முடிவுகளின்படி, தூங்கும் பிணைப்புகள் (விட்டுப்போன பழைய பழக்கங்கள்) தந்த யோசனைகள் அன்றாடம் பழகுவோர் தந்தவற்றுக்குக் குறைந்தவை அல்ல. புதுமையில் ஒரு படி மேல். ஏனென்றால் பழைய நம்பிக்கை அப்படியே இருக்கிறது, ஆனால் அவர் இடைப்பட்ட வருடங்களில் வேறு உலகம் பார்த்துவிட்டார்.

பட்டியலில் யாருக்கு முதலில் எழுதுவது? அதே மூவர் 2015-ல் இதையும் பார்த்தார்கள். ஆட்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், முன்பு நிறைய நேரம் ஒன்றாகக் கழித்தவர்களையே மேலாளர்கள் விரும்பினார்கள், அதுதான் கூச்சமில்லாதது. அதிகப் பயன் தந்தவர்களோ, முன்பு அவ்வளவாகப் பழகாதவர்கள், தங்களைவிட உயர்ந்த நிலையில் இருந்தவர்கள், அதே சமயம் நம்பத்தக்கவர்கள். எனவே "இவருக்கு எழுதவா வேண்டாமா" என்று நீங்கள் இழுத்தடிக்கும் அந்தப் பழைய மேனேஜரின் பெயரை மேலே கொண்டுவாருங்கள்.

சரி, எப்படி எழுதுவது? இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். நான் இன்னார், 2017-ல் நீங்கள் பர்ச்சேஸ் பார்த்தபோது ஸ்டோர்ஸில் இருந்தேன். ஆடிட் சமயத்தில் ராத்திரி உட்கார்ந்து ஸ்டாக் டேலி பண்ணினோமே, ஞாபகம் இருக்கும். இப்போது வேர்ஹவுஸ் பக்கம் வேலை தேடுகிறேன். உங்கள் லைனில் என் அனுபவத்துக்கு எந்த மாதிரிக் கம்பெனிகளைப் பார்க்கலாம், எந்த சாஃப்ட்வேர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். நேரம் கிடைக்கும்போது பதில் போட்டால் போதும் சார்."

இதில் "வேலை இருந்தா சொல்லுங்க" என்ற வரி இல்லை, கவனித்தீர்களா? அப்படிக் கேட்டால் அவரிடம் இன்றைக்குக் காலி இடம் இருந்தால்தான் பதில் சொல்ல முடியும். இல்லாவிட்டால் சங்கடப்பட்டு மௌனமாகிவிடுவார். மேலே உள்ள கேள்விக்கு அவர் டீ குடிக்கும் நேரத்தில் பதில் சொல்லிவிடலாம். நீங்கள் வேலை தேடுவதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டாக் டேலி பண்ணிய ராத்திரியைச் சொன்னதால் யார் என்று அவர் யோசிக்க வேண்டியதில்லை. நீங்கள் வேலையில் எப்படி என்பதும் நினைவுக்கு வந்துவிடும். பயோடேட்டாவை முதல் மெசேஜிலேயே இணைக்காதீர்கள். அவர் கேட்டதும் அனுப்புங்கள்.

மறுத்துவிட்டால்? நாம் பயப்படும் அளவுக்கு மனிதர்கள் மறுப்பதில்லை. பிரான்சிஸ் ஃபிளின், வனெசா லேக் என்ற இருவர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் சிறு உதவிகள் கேட்கச் சிலரை அனுப்பினார்கள். எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்று கேட்கப் போனவர்கள் போட்ட கணக்கில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கேட்டதுமே தேவையானவர்கள் சம்மதித்துவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களே அப்படியென்றால், கூட வேலை பார்த்தவர் எப்படி இருப்பார்?

அப்படியானால் சொந்தபந்தத்திடம் சொல்லவே வேண்டாமா? சொல்ல வேண்டிய இடமும் இருக்கிறது. சமூகவியலாளர் யான்ஜியே பியன் சீனாவின் தியான்ஜின் நகரில் 1988-ல் எடுத்த கணக்கெடுப்பில், பலவீனமான பிணைப்புகளைவிட நெருங்கிய உறவுகள் வழியாகவே அதிகம் வேலைகள் கிடைத்திருந்தன. அங்கே அன்று வேலைகளை ஒதுக்கியது அரசு. அதிகாரியிடம் உங்களுக்காகப் பேச ஒருவர் துணிய வேண்டும். அதற்கு அறிமுகம் போதாது. லிங்க்ட்இன் ஆய்விலும், கணினிமயம் குறைந்த தொழில்களில் நெருங்கிய உறவுகளே அதிகம் உதவின.

உங்களுக்கு இதன் பொருள்: காலி இடம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தூரத்து அறிமுகங்களைக் கேளுங்கள். ஆளை நம்பித்தான் எடுப்போம் என்கிற சிறிய பட்டறை, குடும்பக் கடை, கல்லாப்பெட்டி வேலை போன்ற இடங்களில், உங்களுக்காக உறுதி சொல்லக்கூடிய மாமாவையோ நண்பரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

பதிலே வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போங்கள். பதில் சொன்னவருக்கு, அவர் சொன்ன இடத்தில் முயன்று என்ன ஆயிற்று என்பதைக் கட்டாயம் தெரிவியுங்கள், கிடைக்கவில்லை என்றாலும்கூட. நீங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியும்.