கேலரி ப்ளகின்: அன்று பகட்டு, இன்று பத்திரம்

பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் இணையதளம் போட வந்த ஸ்டூடியோக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: படம் அசைய வேண்டும். "தம்பி, கரிஷ்மா ஆல்பம் புரட்டுற மாதிரியே பக்கம் மடங்கித் திரும்பணும்" என்பார் ஒருவர். தாலி கட்டும் படம் பாதி கரையும்போதே மாலை மாற்றும் படம் மேலே எழ வேண்டும் என்பார் இன்னொருவர். பின்னணியில் நாதஸ்வரமும் ஒலிக்க வேண்டும். அந்த ஆசைக்கு ஏற்றபடிதான் நாங்களும் ப்ளகின் தேடினோம். எதில் எஃபெக்ட் அதிகமோ, அதுதான் நல்ல ப்ளகின்.

இன்று அதே ஸ்டூடியோக்களை அவர்களின் பிள்ளைகள் நடத்துகிறார்கள். உட்கார்ந்ததும் போனை எடுத்து மேஜைமேல் வைத்து, "அண்ணே, இதுல திறந்து காட்டுங்க" என்கிறார்கள். படம் எவ்வளவு வேகமாக வருகிறது, விரலால் தள்ளினால் நகர்கிறதா, வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினால் திறக்கிறதா என்று பார்க்கிறார்கள். நல்ல கேள்விகள்தான். ஆனாலும் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வியை அன்றும் யாரும் கேட்கவில்லை, இன்றும் பெரும்பாலோர் கேட்பதில்லை: இந்த ப்ளகின் ஒரு நாள் இல்லாமல் போனால், என் படங்கள் என்ன ஆகும்?

ப்ளகின் வருவதற்கு முன்பும் கேலரி இருந்தது. போட்டோஷாப்பில் 'வெப் போட்டோ கேலரி' என்றொரு கட்டளை. ஒரு ஃபோல்டரைக் காட்டினால் தம்ப்நெயில்களையும் பெரிய படங்களையும் தனித்தனியாகச் செய்து, எச்டிஎம்எல் பக்கங்களையும் எழுதிக் கொடுத்துவிடும். அதை எஃப்டிபி வழியாக ஏற்ற வேண்டும். புதிதாக ஒரு படம் சேர்க்க வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து. 2005-இல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தபோது வேகம் 256 கேபிபிஎஸ். கணக்குப் போட்டால் நொடிக்கு 32 கேபி. இருபது தம்ப்நெயில், ஒவ்வொன்றும் 10 கேபி என்றால் பக்கம் திறக்க ஆறேழு நொடி. கேமராவிலிருந்து எடுத்த 3 எம்பி படத்தை அப்படியே போட்டால் ஒன்றரை நிமிடம். அதனால் ஒவ்வொரு படத்தையும் கையால் சுருக்கினோம். தரத்தை 60-க்குக் குறைக்கலாமா, முகத்தில் கட்டம் விழுகிறதா என்று உற்றுப் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அது. அந்தப் பொறுமை பின்னால் வந்த காலத்தில் தொலைந்துபோனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

2005-இன் கடைசியில் லோகேஷ் தாகர் என்பவர் எழுதிய 'லைட்பாக்ஸ்' என்ற சிறு ஜாவாஸ்கிரிப்ட், படம் பார்க்கும் விதத்தையே மாற்றியது. அதுவரை தம்ப்நெயிலைச் சொடுக்கினால் வேறு பக்கம் திறக்கும், அல்லது பாப்-அப் ஜன்னல் ஒன்று எகிறி வரும். இதில் அதே பக்கம் இருண்டு, நடுவில் படம் மட்டும் வெளிச்சமாக நின்றது. முதல்முறை பார்த்தவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொடுக்கிப் பார்த்தார்கள். 2007-இல் ஜெர்மனியைச் சேர்ந்த அலெக்ஸ் ராபே வேர்ட்பிரஸுக்காக 'நெக்ஸ்ட்ஜென் கேலரி'யைத் தந்தார். 2008 மார்ச்சில் வந்த வேர்ட்பிரஸ் 2.5 சொந்தமாக ஒரு கேலரியைக் கொடுத்தது என்னவோ உண்மை. ஆனால் அது மூன்று பத்திகளில் 150 பிக்சல் சதுரங்களை அடுக்கிவைப்பதோடு சரி. ஆல்பம் பிரிக்க வழியில்லை, வாட்டர்மார்க் இல்லை. நெக்ஸ்ட்ஜெனிலோ ஒரு திருமணத்தின் முந்நூறு படங்களை ஃபோல்டரோடு எஃப்டிபியில் ஏற்றிவிட்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் ஆல்பம் தயார். அது அன்று அவ்வளவு பேரால் நிறுவப்பட்டது நியாயம்தான்.

அசைவுக்கு அன்று ஃப்ளாஷ்தான் கதி. நெக்ஸ்ட்ஜெனில் ஸ்லைடுஷோ ஓட வேண்டுமென்றால் 'இமேஜ்ரொட்டேட்டர்' என்ற ஃப்ளாஷ் ஃபைலை நாமே தனியாக இறக்கி, சர்வரில் சரியான இடத்தில் வைக்க வேண்டும். உரிமம் காரணமாக அதை ப்ளகினோடு சேர்த்துத் தர முடியாது. அது ஓடியதும் வாடிக்கையாளர் முகத்தில் தெரியும் மகிழ்ச்சி இருக்கிறதே, அதற்காகவே இரவு கண்விழிக்கலாம் என்று இருக்கும். ஆனால் ஐபோனில் ஃப்ளாஷ் ஓடவே இல்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கான காரணங்களை வெளிப்படையாகக் கடிதமாகவே எழுதினார். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி ஃப்ளாஷை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் மிச்சமிருந்த பிளேயரும் எதையும் ஓட்ட மறுத்தது. பக்கம் மடங்கித் திரும்பிய கல்யாண ஆல்பங்கள் எத்தனையோ அன்றைக்கு வெறும் சாம்பல்நிறக் கட்டங்களாக நின்றன. அசல் படங்களைத் தனியே எடுத்துவைத்தவர்கள் தப்பித்தார்கள்.

தளத்தின் பாதுகாப்பைப் பற்றியும் அன்று நாங்கள் யோசிக்கவில்லை. 2011 ஆகஸ்டில் 'டிம்தம்ப்' விவகாரம் வெடித்தபோதுதான் கண் திறந்தது. தம்ப்நெயில் வெட்டித் தரும் சின்ன பிஎச்பி ஸ்கிரிப்ட் அது. நூற்றுக்கணக்கான தீம்களுக்குள் சொல்லாமலே உட்கார்ந்திருந்தது. ஃப்ளிக்கர் போன்ற நம்பகமான தளங்களிலிருந்து மட்டும் படம் எடுக்கும் என்று அதில் விதி. ஆனால் முகவரியில் அந்தப் பெயர் எங்காவது இருக்கிறதா என்று மட்டுமே அது பார்த்தது. ஃப்ளிக்கரின் பெயரை முன்னால் ஒட்டிக்கொண்ட திருட்டு முகவரியும் உள்ளே வந்துவிடும். வந்த ஃபைல் சர்வரிலேயே ஓடவும் செய்யும். தன் தளமே தாக்கப்பட்டபோது மார்க் மாண்டர் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். 2017-இல் நெக்ஸ்ட்ஜெனிலும் டேட்டாபேஸுக்குள் நுழைய வழிவிடும் ஓட்டை ஒன்றை சுகுரி நிறுவனம் கண்டறிந்தது. அப்போது அது பத்து லட்சத்துக்கும் மேலான தளங்களில் இருந்தது. உடனே திருத்தமும் வந்தது. எந்த மென்பொருளிலும் ஓட்டை வரும். அடைக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. இன்று ப்ளகின் தேர்ந்தெடுக்கும்போது நட்சத்திரங்களைப் பார்ப்பதற்கு முன்னால் 'கடைசியாகப் புதுப்பித்தது எப்போது' என்ற வரியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் தொடப்படாமல் கிடந்தால் அதன் பக்கமே போக வேண்டாம்.

இதற்கிடையில் ப்ளகின்கள் செய்துகொண்டிருந்த வேலையை வேர்ட்பிரஸ் தானே எடுத்துக்கொண்டது. 2015 டிசம்பரில் வந்த 4.4, திரையின் அகலத்துக்கேற்ற படத்தை பிரவுசரே தேர்ந்துகொள்ள வழிசெய்தது. 2019-இல் வந்த 5.3, 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படங்களைத் தானே சுருக்கத் தொடங்கியது. 2020-இல் 5.5, கண்ணுக்கு வரும்போது மட்டும் படத்தை இறக்கும் லேஸி லோடிங்கைக் கொண்டுவந்தது. 2021-இல் வெப்பி, 2024-இல் ஏவிஐஎஃப் என எடை குறைந்த வடிவங்கள் வந்தன. 2023 நவம்பரில் வந்த 6.4-இல், சொடுக்கினால் படம் விரியும் லைட்பாக்ஸும் உள்ளேயே வந்துவிட்டது. ஆனால் அன்று வந்த வடிவில் ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குத் தாவ அம்புக்குறி கிடையாது. கல்யாண ஆல்பத்துக்கு அது பெரிய குறை. கடைக்கும் கோயில் திருப்பணிக் குழுவுக்கும் குறையே இல்லை.

ஆகவே என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்குமேல் நான் சொல்லும் பதில், "உங்களுக்கு ப்ளகினே வேண்டாம்" என்பதுதான். அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். போனில் எடுத்த நாற்பது படங்களை அப்படியே காட்டும் பழைய கேலரிப் பக்கத்தைத் திறந்து கணக்குக் காட்டுவேன்: படத்துக்கு 4 எம்பி என்றால் மொத்தம் 160 எம்பி. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா வைத்திருப்பவர் அந்த ஒரு பக்கத்திலேயே பத்தில் ஒரு பங்கை இழக்கிறார். இன்னொன்று, போன் கேமரா படத்துக்குள் எடுத்த இடத்தையும் எழுதிவைக்கும். வேர்ட்பிரஸ் செய்யும் சிறிய பிரதிகளில் அது நீங்குமா என்பது சர்வரைப் பொறுத்தது. அசல் ஃபைலையே திறந்து காட்டும் ப்ளகினில் அது அப்படியே வெளியே போகும். வீட்டில் நடந்த பிறந்தநாள் படங்களைப் போடுபவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

ஒரு பள்ளியின் தளம் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. ஹோஸ்டிங் நிறுவனம் பிஎச்பி 8-க்கு மாற்றியிருந்தது; தளம் வெள்ளைத் திரையாக நின்றது. காரணம், பெரிய பெயர் இல்லாத ஓர் இலவச கேலரி ப்ளகின். எழுதியவர் எப்போதோ கைவிட்டுவிட்டார். பிஎச்பி 8-இல் நீக்கப்பட்ட பழைய கட்டளைகள் அதற்குள் அப்படியே இருந்தன. ப்ளகினை நிறுத்தியதும் தளம் எழுந்தது. ஆனால் கேலரிப் பக்கங்களில் படங்கள் இருந்த இடத்தில், சதுர அடைப்புக்குறிக்குள் ப்ளகினின் பெயரும் ஓர் எண்ணும் மட்டும். படங்கள் வேர்ட்பிரஸின் மீடியா லைப்ரரியில் இல்லை. சர்வரில் அந்த ப்ளகின் தனக்கென்று போட்ட ஃபோல்டரில் கிடந்தன. விளக்கங்கள் டேட்டாபேஸில் அதன் சொந்த டேபிளில். பிஎச்பிமைஅட்மினில் திறந்து பார்த்தால் ஒரு பத்தியில் ஃபைல் பெயர், அடுத்ததில் விளக்கம், அதற்கடுத்து வரிசை எண். ஃபைல் பெயர்கள் கேமரா போட்ட எண்கள்தான். விளக்கத்தில்தான் எல்லாமே இருந்தது: எந்த வருட ஆண்டு விழா, நாடகத்தில் யார் யார், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எந்த வரிசையில் நிற்கிறார். அந்த டேபிளை யாராவது வீணென்று அழித்திருந்தால், படங்கள் இருந்தும் ஊர்பேர் தெரியாதவர்களின் படங்களாகிப் போயிருக்கும்.

அன்றிலிருந்து ஒரு ப்ளகினைப் பரிசோதிக்கும்போது நான் முதலில் செய்வது அதை நிறுத்திப் பார்ப்பதுதான். தளத்தின் பிரதி ஒன்றில் பத்துப் படம் ஏற்றி, விளக்கம் எழுதி, வரிசையை மாற்றி, பிறகு டீஆக்டிவேட் செய்து பார்ப்பேன். என்விரா, ஃபூகேலரி, மாடுலா போன்றவை மீடியா லைப்ரரியில் இருக்கும் படங்களையே எடுத்துக் காட்டுகின்றன. அடுக்கு கலைந்தாலும் படம் பொதுவான இடத்தில் இருக்கும். விளக்கம் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதை ஒவ்வொன்றிலும் தனியாகத்தான் பார்க்க வேண்டும். கேலரியை நீக்கினால் ஃபைலையும் சேர்த்து நீக்கும் அமைப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால் முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னும் இரண்டு கவலை உண்டு. 2005 வாக்கில் பாமினி போன்ற எழுத்துருவில் விளக்கத்தைத் தட்டி, போட்டோஷாப்பில் படத்தின்மேலேயே பதித்துவிடுவோம். தேடவும் முடியாது, திருத்தவும் முடியாது. யூனிகோடு வந்தபின் விளக்கம் விளக்கமாகவே இருக்கிறது. பார்வையற்ற வாசகரின் போனும் அதை வாசித்துக் காட்டுகிறது. ஆனால் ஒரு வரி ஆங்கிலத்துக்கு அளவெடுத்த லைட்பாக்ஸ்களில் 'குடமுழுக்குத் திருப்பணி' என்பதற்குள்ளேயே இடம் முடிந்து மூன்று புள்ளி விழுந்துவிடுகிறது. வாங்குவதற்கு முன் நீளமான தமிழ்ப் பெயர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைப்பதிலும் சிக்கல் உண்டு. முகவரியில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். ஃபைல் பெயரிலிருந்து உருவாகும் பக்க முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம். இருபத்திரண்டு குறிகளோடு அந்த முகவரி அறுந்துவிடும். ஃபைல் பெயர் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக, விளக்கம் தமிழில் விரிவாக என்பதே இப்போதைக்கு வழி.

ப்ளகின் கட்டாயம் வேண்டியவர்களும் இருக்கிறார்கள். முப்பத்தாறு படம் கொண்ட ஃபிலிம் ரோல் காலத்தில், கல்யாண வீட்டார் ஸ்டூடியோ பெஞ்சில் உட்கார்ந்து, சிறிய பிரிண்டுகளைப் புரட்டி, ஆல்பத்துக்கு வேண்டிய எண்களை நோட்டில் குறித்துக் கொடுப்பார்கள். "அத்தை கண்ணை மூடியிருக்காங்க, இது வேண்டாம்" என்ற பஞ்சாயத்தெல்லாம் அங்கேதான் நடக்கும். இன்று படங்கள் ஆயிரக்கணக்கில். மாப்பிள்ளை சிங்கப்பூரில், பெண் பெங்களூரில். பாஸ்வேர்டு போட்ட பக்கத்தில் படங்களுக்கு இதயம் குத்தித் தேர்ந்தெடுக்கும் ப்ரூஃபிங் வசதி அவர்களுக்கு மிகப் பெரிய உதவி. அதற்காகப் பணம் கொடுத்து ப்ளகின் வாங்குவதில் தவறே இல்லை. பணம் மட்டும் இப்போது ஆண்டுச் சந்தா. கட்டாவிட்டால் புதுப்பிப்பு நின்றுவிடும். ரைட் கிளிக்கை முடக்கச் சொல்லிக் கேட்பவர்கள் இன்னமும் வருகிறார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் காலத்தில் அது எதையும் காக்காது. சிறிய அளவிலான படமும் வாட்டர்மார்க்கும் ஓரளவு காக்கும்.

அந்தப் பள்ளியின் தளத்தில் இப்போது கேலரி ப்ளகின் எதுவும் இல்லை. விளக்கங்களை எக்ஸெலில் இறக்கி, படங்களோடு மீடியா லைப்ரரியில் ஏற்றிவிட்டோம். எக்ஸெல் ஃபைல் பள்ளி அலுவலகக் கணினியிலும் இருக்கிறது. பழைய மாணவர்கள் எழுதி அனுப்பும் பெயர்களை அலுவலகத்து அக்கா முதலில் அதில் சேர்த்துவிட்டுத்தான் தளத்தில் ஏற்றுகிறார்.