சுண்ணாம்பில்லாத சுண்ணக் குன்று

யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்தவனுக்கு வெள்ளைக் கல் என்றால் சுண்ணாம்புக் கல்லே. கிணறு வெட்டுவோரின் அலவாங்கு முட்டுவது அதிலேதான். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 வரை அரைத்ததும் அதனையே. இப்பழக்கத்தினால் யான் ஒருமுறை நாண நேர்ந்தது. சேலத்துக்குச் சென்றிருந்தபோது, சேர்வராயன் மலையடிவாரத்திலே வெள்ளை வெளேரெனத் தோண்டிக் கிடந்த குன்றுகளைக் கண்டு, "எங்கள் ஊர்க் கல் இங்கும் உண்டே!" என்று உடன்வந்த ஆசிரிய நண்பரிடம் வியந்து கூறினேன். அவர் சிரித்தார். "வெள்ளைக்காரனும் அப்படித்தான் ஏமாந்தான், பண்டிதரையா" என்றார்.

ஆங்கிலேயர் அக்குன்றுகளுக்கு இட்ட பெயர் 'சோக் ஹில்ஸ்'. வெண்கட்டிக் குன்றுகள் என்பது பொருள். அங்கே வெண்கட்டி மருந்துக்கும் இல்லை. ஊரார் அதனை வெள்ளைக்கல் என்றே வழங்குகின்றனர். நிறத்தை மட்டும் சொல்லி நிறுத்திய அவ்வழக்கிலே பிழையில்லை. கனிப்பொருள் நூலார் அதனை மகனசைற்று என்பர். அக்கல்லின் பெயரையே தாங்கி 'மேக்னசைட் சந்திப்பு' என ஒரு புகையிரத நிலையமும் அங்கே உண்டு.

எமது சுண்ணக்கல் கடலிலே வாழ்ந்த உயிர்களின் ஓடுகளாலும் கூடுகளாலும் ஆயது. அதற்கு வயது கோடியாண்டுக் கணக்கில் ஒன்றிரண்டு. சேலத்துக் கல்லோ உயிரோடு உறவில்லாதது. பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள ஆழப் பகுதியின் இயல்புடைய தூனைற்று என்னும் பாறை அங்கே மேலே வந்து கிடக்கின்றது. அது பெரும்பாலும் ஒலிவீன் என்னும் பச்சைக் கனிப்பொருளால் ஆயது, மகனீசியம் மிக்கது. காபனீரொட்சைட்டுக் கலந்த நீர் அதன் வெடிப்புகளிலே புகுந்து, மகனீசியத்தைப் பற்றிக்கொண்டு வெண்ணிற நரம்புகளாகப் படிந்தது. அந்நரம்பே வெள்ளைக்கல். கண்ணைக் கவரும் வெண்மை பின்வந்தது. கருமையும் பசுமையுமான தாய்ப்பாறையே முந்தியது.

யான் கேட்டு வியந்தது அத்தாய்ப்பாறையின் வயிற்றிலே கிடந்த வேறொரு பொருளைப் பற்றியே. கருப்பூர்ப் பக்கத்திலே, தூனைற்றினுள்ளே குரோமைற்று என்னும் கரிய கனிப்பொருள் சிறு நரம்புகளாகவும் வில்லைகளாகவும் காணப்படுகின்றது. பாறைக் குழம்பு ஆறும்போது முந்தி உறைவனவற்றுள் அதுவும் ஒன்று. உறைந்தது ஆங்காங்கே திரள்வதால், படுக்கையாக நெடுந்தூரம் பரவாது முளைப்பதும் முடிவதுமாக இருக்கும். தோண்டுபவன் இன்று கைநிறைய எடுப்பான். நாளை வெறும் பாறையைக் கொத்துவான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே அதனைத் தோண்டியவர், பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய யோசையா மார்ஷல் ஹீத்து என்பாரின் கொம்பனியார். இரும்பாலைக்காரருக்குக் குரோமியம் எதற்கு? துருப்பிடியா உருக்குக்கு என நினைப்போம். அது அன்று உலகம் அறியாதது. அக்காலத்தில் வேண்டப்பட்டது நிறம். சீத்தைத் துணிக்குச் சாயமும் வண்டிகளுக்குப் பூசும் மஞ்சள் வர்ணமும் குரோமியத்திலிருந்து செய்யப்பட்டன. 1797 இல் அதனைக் கண்டறிந்த பிரெஞ்சு அறிஞர் வோக்கெலின் வாயிலாக நிலைத்த பெயரும், நிறம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்ததே.

ஹீத்துக் கொம்பனியின் இரும்புத் தொழில் நிலைக்கவில்லை. உலைகளுக்கு மரக்கரி வேண்டிக் காடுகளை அழித்தமையும், பின்னர் அக்கரியே கிடையாமையும் அதன் வீழ்ச்சிக்குக் காரணங்களாயின. கருப்பூர்க் குழிகளும் ஓய்ந்தன. பிற்காலத்தில் வெள்ளைக்கல்லே அவ்வூர்த் தொழிலாயிற்று. தூனைற்றுக்குப் பெயர் தந்த நியூசீலாந்துத் தூன் மலையிலும் நிகழ்ந்தது ஏறக்குறைய இதுவே. 1862 இல் குரோமைற்றுக்காக அம்மலைமேல் குதிரைகள் இழுக்கும் இருப்புப் பாதை போட்டனர். அமெரிக்க உள்நாட்டுப் போரினாலே துணித்தொழில் தளர்ந்தது, வில்லைகளும் மெலிந்தன, சில ஆண்டுகளில் கனி ஏற்றும் வேலை நின்றுபோயிற்று.

இலங்கையிலே இவ்வினத்துப் பாறையைக் காண விரும்புவோர் அம்பலாந்தோட்டைப் பக்கத்து உசங்கொடைக்குச் செல்லலாம். அங்கே குரோமியமும் நிக்கலும் மிகுந்த செம்மண்ணிலே மரஞ்செடிகள் செழிப்பதில்லை, புல்லும் குறுஞ்செடியுமே. காட்டை வாட்டும் இதே உலோகம், குருந்தக் கல்லிலே சிறிதளவு கலந்தால் அது மாணிக்கமாய்ச் சிவக்கின்றது. குருந்தம் என்றால் மரமென்றே முப்பது ஆண்டுகளாக வகுப்பிலே சொல்லி வந்தேன். ஆங்கிலேயர் 'கொரண்டம்' என வழங்கும் கல்லின் பெயர் நம் குருந்தமே என்று சேலத்திலிருந்து திரும்பிய பின்னரே அறிந்தேன். இதனை மறைப்பதிற் பயனில்லை.

நண்பர் தந்த வெள்ளைக்கல் துண்டு இப்போது என் மேசையிலே, கீரிமலைச் சுண்ணக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கின்றது. விஞ்ஞான ஆசிரியரைக் கொண்டு ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தை இரண்டின் மேலும் ஒவ்வொரு துளி விடுவித்தேன். நமது கல் உடனே நுரைத்தது, மற்றையது அசையவில்லை. "பொய்க்கல், ஐயா" என்றான் ஒரு மாணவன். ஆசிரியர் அதனைச் சிறிது பொடியாக்கி, அமிலத்தைச் சூடாக்கி ஊற்றினார். அதுவும் பொங்கியது. பையன் சற்றே யோசித்து, "அப்படியென்றால் அந்தக் கறுப்புக் கல்லும் பொங்குமா, ஐயா?" என்றான். குரோமைற்று பொங்காது என்றேன். அதைக் கொண்டுவந்து காட்டும்படி கேட்டான். அத்துண்டு என்னிடம் இல்லை, சேலத்துக்கு எழுதியிருக்கிறேன்.