யூதச் சிறுவர் நூல்கள்: பண்டிகையும் தாயகமும் பிள்ளை மனத்தில் பதியும் விதம்

சிறுபான்மைச் சமூகம் ஒன்று தன் அடையாளத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது? யூதர்களின் சிறுவர் நூல்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

நியூயார்க்கில் வாழ்ந்த சிட்னி டெய்லரிடம் அவருடைய மகள் ஒரு கேள்வி கேட்டாள். தான் படிக்கும் கதைகளில் எல்லாம் கிறிஸ்துவப் பிள்ளைகளே வருகிறார்கள், யூதப் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்பதே அது. தாய் தம் இளமைக்கால நினைவுகளை இரவில் கதைகளாகச் சொல்லத் தொடங்கினார். பிறகு எழுதியும் வைத்தார். அவருக்குத் தெரியாமல் கணவர் அதை ஒரு போட்டிக்கு அனுப்ப, பரிசு கிடைத்தது. 1951இல் 'ஆல் ஆஃப் எ கைண்ட் ஃபேமிலி' நூலாக வெளிவந்தது.

இந்த நூலில் 5 சகோதரிகள் வருகிறார்கள். கதை மத விளக்கத்தோடு தொடங்கவில்லை. நூலகப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டு ஒரு சிறுமி தவிப்பதில் தொடங்குகிறது. எந்தப் பிள்ளைக்கும் இது புரியும், இல்லையா? முதலில் அந்தச் சிறுமிகள் நமக்குத் தோழிகள் ஆகிறார்கள். பிறகுதான் அவர்கள் வீட்டுப் பண்டிகைக்கு நாமும் போகிறோம்.

1. கேள்வியில் தொடங்கும் பண்டிகை

எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர் விடுதலை பெற்றதை நினைவுகூர்வது பெசாக் பண்டிகை. அன்றிரவு விருந்து மேசையில் 'ஹக்கதா' என்ற நூலை வாசிப்பார்கள். இந்த இரவு மட்டும் ஏன் மற்ற இரவுகளைப் போல் இல்லை என்று வீட்டிலேயே சின்னப் பிள்ளைதான் கேட்க வேண்டும். பிள்ளை கேட்ட பிறகுதான் பெரியவர்கள் கதை சொல்வார்கள். புளிக்காத ரொட்டியும் கசப்புக் கீரையும் மேசையில் இருக்கும். கசப்பு அடிமை வாழ்வைக் குறிக்கிறது என்பதை நாக்கே சொல்லிக் கொடுத்துவிடும். பிள்ளைங்க தூங்கிடக் கூடாது என்பதற்காக, ரொட்டித் துண்டு ஒன்றை ஒளித்து வைத்துத் தேடச் சொல்வதும் உண்டு.

2. சிரிப்போடு சேர்ந்த துணிவு

ஹனுக்கா 8 நாள் விளக்குப் பண்டிகை. எருசலேம் ஆலயம் மீட்கப்பட்டதை நினைவூட்டுவது. எரிக் கிம்மெல் எழுதிய ஒரு படக்கதை 1989இல் வந்தது. அதில் ஹெர்ஷெல் என்பவன் விளக்கேற்ற விடாமல் தடுக்கும் பூதங்களை இரவுக்கு இரவு ஏமாற்றுகிறான். அவித்த முட்டையைக் கையில் நசுக்கி, கல்லையே நசுக்கியதாக ஒரு பூதத்தை நம்ப வைக்கிறான். நம்ம தெனாலிராமன் கதை மாதிரிதான்! நம் வழக்கத்தைப் பிறர் தடுத்தாலும் விடக் கூடாது என்ற கருத்து இதில் உண்டு. ஆனால் கதை எங்கும் அதை அறிவுரையாகச் சொல்வதில்லை.

3. மரம் காட்டும் தாயகம்

தாயகம் என்பதைச் சின்னப் பிள்ளைக்கு வரைபடத்தால் விளக்க முடியாது. 'து பிஷ்வாட்' என்பது மரங்களின் புத்தாண்டு. ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வரும். இஸ்ரேலில் அப்போது வாதுமை பூக்கும். நியூயார்க்கிலோ கடுங்குளிர். அங்குள்ள பிள்ளை அத்தியும் பேரீச்சையும் தின்றுகொண்டே, தூரத்தில் உள்ள ஒரு நிலத்தின் பருவத்தைத் தெரிந்துகொள்கிறது. இந்தப் பண்டிகைக்கான படக்கதைகளும் மரத்தையும் பழத்தையும் வைத்தே நிலத்தைச் சொல்கின்றன.

இங்கே ஆசிரியர் நிதானமாக இருக்க வேண்டும். அதே நிலத்தைப் பாலஸ்தீனர்களும் தாயகம் என்கிறார்கள். அங்கே இன்றும் துயரம் தீரவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு மரமும் பருவமும் போதும். வளர்ந்த மாணவர்களுக்குப் பாலஸ்தீனப் பிள்ளைகளின் கதைகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மறைத்துவிட்டுச் சொன்னால், அது அடையாளக் கல்வி ஆகாது.

வீட்டுக்கே வரும் நூல்

2005இல் அமெரிக்காவில் ஹெரால்ட் கிரின்ஸ்பூன் தொடங்கிய 'பிஜே லைப்ரரி' திட்டம், யூதக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் இலவசமாக நூல் அனுப்புகிறது. நூலின் அட்டை மடிப்பில் பெற்றோருக்கும் குறிப்பு இருக்கும். பல பெற்றோருக்கே பண்டிகை விவரம் முழுதாகத் தெரியாது. பிள்ளைக்கு வாசித்துக் காட்டும்போது அவர்களும் கற்றுக்கொள்கிறார்கள்.

தேர்வு மாணவர்களே, அடையாளம் பற்றிக் கருத்து விளக்கக் கட்டுரை எழுதும்போது இந்த 3 கருத்துகளையும் பயன்படுத்தலாம்: பிள்ளையைக் கேட்க விடுதல், கையாலும் நாக்காலும் உணர விடுதல், பிறகே விளக்குதல். ஒவ்வொன்றுக்கும் மேலே உள்ள ஒரு பண்டிகையைச் சான்றாகக் காட்டுங்கள்.

ஆசிரியர்களே, அடுத்த பண்டிகைப் பாடத்தில் முதல் 5 நிமிடம் நீங்கள் பேச வேண்டாம். பண்டிகைப் பொருள் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, பிள்ளைங்க என்ன கேக்குறாங்கன்னு பாருங்க.