பன்றிக் குட்டிகளின் கழிச்சல் நோய்

சங்கக் கடனில் தாய்ப்பன்றி வாங்கிய உறுப்பினர்க்கு ஓர் ஈற்றுக் குட்டிகளே கடன் தவணையாகும். அக்குட்டிகள் கழிந்து மாளும்போது, “பால் ஒத்துக்கொள்ளவில்லை” என்று பலர் கூறக் கேட்கிறோம். பெரும்பாலும் அது தொற்று நோயே. நோய் தொடங்கும் வயதே காரணத்தை ஓரளவு உணர்த்தும்.

முதல் 4 நாட்களுக்குள் நீராகக் கழிந்தால் ஈ-கோலி என்னும் பாக்டீரியாவை ஐயுறலாம். இரத்தம் கலந்திருப்பின் கிளாஸ்டிரிடியம் காரணமாகலாம். 7 முதல் 14 நாட்களுக்குள் பசை போன்று மஞ்சளாகக் கழிந்தால் காக்சிடியா என்னும் ஒட்டுண்ணியாகலாம். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து இதற்குப் பயன்படாது. தாய்ப்பன்றிகளும் குட்டிகளும் ஒருங்கே கழிந்து வாந்தியெடுப்பின் அது வைரஸ் நோயாகலாம். சோதித்து உறுதி செய்ய வேண்டியவர் கால்நடை மருத்துவரே.

அவர் வரும்வரை வாளாவிருத்தல் கூடாது. குட்டியின் உயிரைப் போக்குவது உடல்நீர் வற்றுதலே. ஆதலின் உப்பும் குளூக்கோசும் அளவாகக் கலந்த நீரைப் புகட்டி, குளிர் படாமல் காக்க வேண்டும்.

வருமுன் காத்தலே சிக்கனம். பன்றிக்குட்டி நோயெதிர்ப்பாற்றல் இன்றியே பிறக்கிறது; அதனைத் தருவது சீம்பால். சுமார் 24 மணி நேரம் கடந்தபின் குடல் அவ்வாற்றலை ஏற்காது. எனவே, கொட்டிலைக் கழுவி உலர்த்தி வைப்பதும், பிறந்தவுடன் ஒவ்வொரு குட்டியையும் மடியில் சேர்ப்பதும் உறுப்பினர் கடமையென வலியுறுத்துகிறோம்.