பெட்ரோலில் எண்ணெய் எதற்கு?

மாணவர்களே, ஓசூரில் 1980-இல் உருவான டி.வி.எஸ். 50 மொபெட், காரைக்குடிச் சந்தைக்கு மூட்டை சுமந்து பழகிய வண்டி. அதற்குப் பெட்ரோலுடன் எண்ணெயும் கலந்தே ஊற்றுவார்கள். ஏன்?

அதன் எஞ்சின் 'டூ ஸ்ட்ரோக்' எனும் இருவீச்சு வகை. பிஸ்டன் ஏறும்போது, மேலே பெட்ரோல்-காற்றுக் கலவை அழுத்தப்படுகிறது. கீழே கிராங்க் அறைக்குள் புதுக் கலவை உறிஞ்சப்படுகிறது. ஸ்பார்க் பிளக்கின் பொறி பட்டதும் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இறங்கும் பிஸ்டன், சிலிண்டர் சுவரில் முதலில் ஒரு துளையைத் திறக்க, எரிந்த வாயு வெளியேறுகிறது. அடுத்த துளை திறந்ததும், கிராங்க் அறையில் அழுந்திய புதுக் கலவை சிலிண்டருக்குள் பாய்கிறது. ஆக, பிஸ்டனே வால்வு, பிஸ்டனே பம்பு!

கலவை செல்லும் பாதையே கிராங்க் அறை என்பதால், அங்கே உயவு எண்ணெயைத் தேக்கிவைக்க இயலாது. எனவேதான் பெட்ரோலோடு எண்ணெய். அதுவும் எரிந்து நீலப் புகையாகிறது. இரு துளைகளும் ஒருசேரத் திறந்திருக்கையில், எரியாத கலவையும் சிறிது நழுவிவிடும். அமைப்பு எளிது; ஆனால் எரிபொருள் வீண், காற்றும் மாசு. 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 மொபெட்டில் நால்வீச்சு எஞ்சின் இடம்பெற்றது.

இருவீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கலவை எரியும். நால்வீச்சில் இரு சுற்றுக்கு ஒருமுறை. நிமிடத்துக்கு 3,000 சுற்று எனில், ஒரு நொடியில் எத்தனை முறை? இரண்டுக்கும் கணக்கிட்டுப் பாருங்கள்.