லாகின் செக் மேலயா, கீழயா? பைத்தான் டெக்கரேட்டர்கள்

ஃபங்ஷனும் ஒரு ஆப்ஜெக்ட்தான், அதை இன்னொரு ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்டா அனுப்பலாம்னு போன எபிசோடுல பார்த்தோம். அது புரிஞ்சிருந்தா டெக்கரேட்டர்ல புதுசா பெருசா ஒண்ணும் இல்லை.

ஃபங்ஷனுக்கு மேல ‘அட்’ குறி போட்டு டெக்கரேட்டர் பேரை எழுதுறோம். பைத்தான் கீழ இருக்கிற ஃபங்ஷனை உருவாக்கி, அதை டெக்கரேட்டர்கிட்ட கொடுக்குது. டெக்கரேட்டர் எதைத் திருப்பித் தருதோ, அதுதான் இனிமே அந்தப் பேர்ல இருக்கும். 2004-ல பைத்தான் 2.4 வர்ற வரைக்கும் இதையே ஃபங்ஷனுக்குக் கீழ தனி வரியா எழுதினாங்க.

முக்கியமான விஷயம்: இது ஃபங்ஷனைக் கூப்பிடும்போது நடக்கிறதில்லை. ஃபைல் லோட் ஆகும்போதே நடந்துடும். இங்கதான் நான் மாட்டினேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஃப்ளாஸ்க்ல ஒரு அட்மின் பேஜ். லாகின் செக் டெக்கரேட்டரை மேலயும் ரூட்டை அதுக்குக் கீழயும் போட்டேன். மேல நிக்கிறவர்தானே வாட்ச்மேன்! ரிவ்யூல யாரும் கவனிக்கலை. டெஸ்டர் ஒருத்தர் இன்காக்னிட்டோல லிங்க்கைத் திறந்தா, லாகின் கேட்காமலே கஸ்டமர் போன் நம்பர் எல்லாம் வருது. நல்லவேளை, இன்னும் லைவ் போகலை.

என்ன ஆச்சுன்னா, டெக்கரேட்டர்கள் கீழேயிருந்து மேல ஒண்ணொண்ணா ஒட்டும். ரூட் முதல்ல ஓடி, வெறும் ஃபங்ஷனை ஃப்ளாஸ்க்ல பதிவு பண்ணிட்டு, அதையே திருப்பித் தந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் லாகின் செக் ராப்பர் போட்டுச்சு. கூப்பிடும்போது மேல இருக்கிற ராப்பர் முதல்ல ஓடும்ங்கிறது உண்மைதான். ஆனா ஃப்ளாஸ்க் கையில இருக்கிறது ராப்பர் இல்லாத பழைய ஃபங்ஷனாச்சே! எரரும் வராது.

வரிசையை மாத்தி ரூட்டை மேல போட்டேன். உடனே வேற பிரச்சனை. இன்னொரு அட்மின் பேஜுக்கும் அதே மாதிரி போட்டதும், ஏற்கெனவே இருக்கிற எண்ட்பாயின்ட்டை மாத்தி எழுதுறன்னு ஆப் ஸ்டார்ட் ஆகாமலே நின்னுடுச்சு. காரணம், ரெண்டு ஃபங்ஷனோட பேரும் இப்ப ‘ராப்பர்’. லாகின் செக் நானே எழுதினது. ராப்பர் மேல ஃபங்க்டூல்ஸ் மாட்யூல்ல இருக்கிற ‘ராப்ஸ்’ போட மறந்துட்டேன். அது அசல் ஃபங்ஷனோட பேரையும் டாக்ஸ்ட்ரிங்கையும் ராப்பருக்கு எடுத்துக் கொடுக்கும். சொந்தமா டெக்கரேட்டர் எழுதினா இதை விட்டுடாதீங்க.

கிளாஸுக்கும் இதே கதைதான், ஃபங்ஷனுக்குப் பதிலா கிளாஸ் போகும், அவ்வளவுதான். பைத்தான் 3.7-ல வந்த டேட்டாகிளாஸைப் பாருங்க. ராப்பரே கிடையாது, நாம எழுதின ஃபீல்டுகளைப் பார்த்து இனிட் மெத்தடை அதே கிளாஸ்ல சேர்த்துட்டு, அந்தக் கிளாஸையே திருப்பித் தருது.

ஆர்க்யுமென்ட் வாங்குற டெக்கரேட்டர்ல மூணு ஃபங்ஷன் ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்குமே, அதை அடுத்த எபிசோடுல பிரிச்சுப் பார்க்கலாம்.